கொரியன் புல்லில் பழுப்பு வட்டம் பரவுகிறது: பூஞ்சாணம்தானா, மருந்து அடிக்கலாமா?

கெடிலக்கரை (கடலூர்)

எல்லோருக்கும் வணக்கம். மஞ்சக்குப்பத்தில் எங்கள் வீட்டு முன்புறம் சுமார் 600 சதுர அடிக்குக் கொரியன் புல் இருக்கிறது. பதித்து இரண்டு வருஷம் ஆகிறது, இதுவரை நன்றாகத்தான் இருந்தது. இந்த ஐப்பசி மழை விட்டதும் ஓரிடத்தில் தட்டு அளவுக்கு வெளுத்தது. இப்போது அது இரண்டு முழம் அகலம். பக்கத்தில் இன்னும் சில வட்டங்கள் கிளம்பியிருக்கின்றன. நடுவில் காய்ந்த வைக்கோல் நிறம், ஓரத்தில் மஞ்சளும் ஆரஞ்சும் கலந்த ஒரு வளையம்.

மழைக்கு முன்னால் 2 கிலோ யூரியா தூவினோம். ஆபீஸ் முடிந்து வந்து சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் டியூப் பிடித்துத் தண்ணீர் விடுவது வழக்கம். மருந்துக் கடையில் படத்தைக் காட்டினேன். பூச்சி என்று சொல்லி ஒரு மருந்து கொடுத்தார்கள். அடித்தும் வட்டம் நிற்கவில்லை. என் அம்மாவுக்குக் காலையில் அந்தப் புல்லில் வெறுங்காலோடு நடக்காவிட்டால் பொழுதே விடியாது, அதனால் இதை எப்படியாவது காப்பாற்ற வேண்டும். அனுபவம் உள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

லாஸ்பேட்டை பசுமை (புதுச்சேரி)

தம்பி, இன்னொரு மருந்து வாங்குவதற்கு முன்னால் நாளைக் காலை பனி காய்வதற்குள், ஆறு ஆறரை மணிக்கு, அந்த வட்டத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்து பாருங்கள். நடுவில் பார்த்துப் பிரயோஜனம் இல்லை, அது செத்துப் போன இடம். நோய் வேலை செய்வது பச்சையும் மஞ்சளும் சேரும் அந்த ஓரத்தில்தான்.

மூன்று விஷயம் பாருங்கள். புல்லின் மேல் சிலந்தி வலை மாதிரி மெல்லிய வெள்ளை நூல் படிந்திருக்கிறதா? ஓரத்தில் உள்ள ஒரு தண்டைப் பிடித்து மெதுவாக இழுத்தால் என்ன கையோடு வருகிறது, இலை மட்டுமா வேரோடா? அப்புறம், மண்ணை இரண்டு அங்குலம் கிளறினால் புழு ஏதாவது இருக்கிறதா? இந்த மூன்றுக்கும் பதில் எழுதுங்கள். அதற்குள் சாயங்காலத் தண்ணீரை நிறுத்திவிடுங்கள், அதற்கு யோசிக்கவே வேண்டாம்.

கெடிலக்கரை

அக்கா, பார்த்துவிட்டேன். வெள்ளை நூல் இருந்தது. வெயில் ஏறி ஒரு மணி நேரத்தில் காணாமல் போய்விட்டது. இவ்வளவு நாளும் எட்டு மணிக்கு மேல்தான் அந்தப் பக்கம் போவேன் என்பதால் கண்ணில் படவேயில்லை.

தண்டை இழுத்தால் வேர் மண்ணிலேயே இருக்கிறது, மேல் பாகம் மட்டும் சுலபமாகக் கழன்று வருகிறது. கழன்ற இடத்தை வெள்ளைத் தாளில் வைத்துப் பார்த்தேன். அடிப்பகுதியில் இலை தண்டைச் சுற்றியிருக்கும் இடம் காப்பிக்கொட்டை நிறத்துக்குக் கறுத்து, விரலால் நசுக்கினால் மெத்தென்று இருக்கிறது. அதே தண்டின் நுனி இலை இன்னும் பாதி பச்சையாகத்தான் இருக்கிறது. அடி அழுகிய பிறகுதான் மேலே நிறம் மாறுகிறது போல. புழு எதுவும் இல்லை.

வீராணத்து உழவன் (காட்டுமன்னார்கோயில்)

தம்பி எழுதியதைப் படித்ததும் எனக்கு எங்கள் நெல்தான் ஞாபகம் வந்தது. இலையுறை கருகல் என்று சொல்வோம். தூர் கட்டி முடியும் சமயத்தில், தண்ணீர் நிற்கும் மட்டத்துக்குச் சற்று மேலே இலையுறையில் முட்டை வடிவத்தில் சாம்பல் நிறப் புள்ளி விழும், சுற்றி பழுப்புக் கரை இருக்கும். அங்கிருந்து மேலே ஏறும். நெருக்கி நட்ட வயலிலும் யூரியாவை அள்ளிப் போட்ட வயலிலும்தான் முதலில் வரும். முற்றினால் உறையில் கடுகு அளவுக்குப் பழுப்பு நிற மணிகள் ஒட்டிக்கொண்டிருக்கும். அந்த மணிதான் மண்ணில் கிடந்து அடுத்த பட்டத்துக்கும் நோயைக் கொண்டுபோகும். தண்ணீரில் மிதந்து அடுத்த வயலுக்கும் போகும்.

உங்கள் புல்தரையை மட்டம் செய்ய வயல் மண்ணோ வண்டலோ கொட்டினீர்களா? அப்படியென்றால் அதோடு வந்திருக்கலாம்.

பயிர்க்காவலர் (கடலூர்)

நான் வேளாண்மைத் துறையில் இருந்து ஓய்வு பெற்றவன். உழவர் ஐயா சொன்னது மிகச் சரியான திசை. நெல்லில் வருவதும் இதுவும் ரைசக்டோனியா சொலானி என்ற ஒரே பூஞ்சாணம். ஆனால் அதற்குள்ளேயே பல குழுக்கள் உண்டு. நெல்லை அதிகம் தாக்குவது ஒரு குழு, கொரியன் வகைப் புற்களில் இப்படிப் பெரிய வட்டம் போடுவது இன்னொரு குழு. எனவே வயல் மண்தான் காரணம் என்று முடிவு கட்ட வேண்டாம். இது பெரும்பாலான மண்ணில் ஏற்கெனவே இருக்கிற உயிரி. அது தூங்குமா எழுந்திருக்குமா என்பது நாம் கொடுக்கிற வசதியைப் பொறுத்தது.

அந்த வசதி என்ன? இலை தொடர்ந்து பத்து மணி நேரத்துக்கு மேல் ஈரமாக இருப்பது, இரவு வெப்பம் 20 டிகிரிக்கு மேல் இருப்பது, தழைச்சத்து (நைட்ரஜன்) மிகுந்து புல் கொழுகொழுவென்று வளர்ந்திருப்பது. நம் கடலூர், புதுச்சேரிக் கரையில் மார்கழி இரவில்கூட வெப்பம் பெரும்பாலும் 20 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். அதாவது வெப்பம் ஏறத்தாழ வருஷம் முழுக்கத் தயார். அதில் நாம் செய்வதற்கு ஒன்றுமில்லை. ஈரமும் உரமும்தான் நம் கையில் இருக்கின்றன.

ஏழு மணிக்குத் தண்ணீர் விட்டால் புல் அப்போதே நனைந்துவிடும். நள்ளிரவில் அதன் மேல் பனி இறங்கும். மறுநாள் எட்டு மணிக்குத்தான் காயும். பதின்மூன்று மணி நேர ஈரம். அதே தண்ணீரைக் காலை ஆறு மணிக்கு விட்டால், பனியால் ஏற்கெனவே நனைந்திருக்கும் இலைதான் நனைகிறது, இரண்டு மணி நேரத்தில் வெயில் காயவைத்துவிடும். தண்ணீர் அளவு ஒன்றுதான், நேரம் மாறினால் நோயின் கதையே மாறிவிடுகிறது.

உரக் கணக்கைப் பாருங்கள். யூரியாவில் 46 சதவீதம் தழைச்சத்து. புல்தரைக்கு ஒரு தடவைக்கு 1,000 சதுர அடிக்கு ஏறத்தாழ ஒரு கிலோ யூரியா போதும். உங்கள் 600 சதுர அடிக்கு 600 கிராம். 2 கிலோ என்பது மூன்று மடங்குக்கும் மேல், அதுவும் மழைக்கு முன்னால். பூஞ்சாணம் வளர இதைவிட நல்ல சூழ்நிலை கிடையாது.

சரி, இப்போது செய்ய வேண்டியது. யூரியாவை வட்டம் நிற்கும்வரை தொடாதீர்கள். புல் வெட்டும்போது நல்ல பகுதியை முதலில் வெட்டி, நோய்ப் பகுதியைக் கடைசியாக வெட்டுங்கள். பிளேடைக் கழுவிக் காய வையுங்கள். வெட்டிய புல்லை வாரி எடுத்து வெளியே போடுங்கள், உரக்குழியில் போட வேண்டாம். ஒரே தடவையில் உயரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக்கூடாது. மொட்டைப் பிளேடு புல்லை அறுக்காது, கிழிக்கும். கிழிந்த நுனி ஒவ்வொன்றும் நோய்க்கு வாசல்.

கொரியன் புல்லுக்கே உரிய இன்னொரு சங்கடம், பச்சைக்கும் மண்ணுக்கும் நடுவில் காய்ந்த தண்டும் வேரும் மெத்தையாகச் சேர்ந்துகொண்டே போகும். ஒரு துண்டு வெட்டி எடுத்து ஸ்கேல் வைத்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் இருந்தால் தண்ணீர் மண்ணுக்குப் போகாமல் அதிலேயே ஊறி நிற்கும். மழை முடிந்ததும் இரும்பு வாரியால் அழுத்தி வாரி அதைக் குறைக்க வேண்டும்.

காலாப்பட்டு கடற்காற்று (புதுச்சேரி)

ஒரு மாற்றுக் கருத்து. இந்த இழையைப் படிப்பவர்கள் எல்லோரும் பூஞ்சாணம் என்று கிளம்பிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். எங்கள் வீட்டில் பழுப்பு வந்தது சித்திரை வைகாசியில். வட்டமே இல்லை, எல்லா இடத்திலும் இலை நுனியில் இருந்து காய்ந்துகொண்டே வந்தது. மண் காய்ந்தால் மேலே வெள்ளையாக ஒரு பூச்சு. போர்த் தண்ணீரை வாயில் வைத்தாலே உப்பு தெரியும். கடலுக்கு அத்தனை பக்கம்.

தண்ணீரைப் பரிசோதித்தபோது, உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு 3 டெசிசைமனுக்கு மேல் இருந்தது. 0.7க்குக் கீழே இருந்தால் கவலை இல்லை, 3ஐத் தாண்டினால் பயிருக்குக் கடுமையான சிக்கல் என்பதுதான் பொதுவான அளவுகோல். பூஞ்சாண மருந்து அடித்திருந்தால் காசு போயிருக்கும். மாடியில் விழுகிற மழைநீரைத் தொட்டியில் பிடித்து வாரம் ஒருமுறை அதை ஆழமாக விட்டோம், உப்பு கீழே இறங்கியது. வெயில் அதிகம் படும் பக்கத்தில் கொரியனை எடுத்துவிட்டு அருகம்புல் வகை வைத்தோம். அது உப்பை நன்றாகத் தாங்குகிறது.

பயிர்க்காவலர்

காலாப்பட்டு நண்பர் சொன்னதை எல்லோரும் குறித்துக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் இந்தக் கரையோரத்தில் ஐப்பசி முதல் மாசி வரை வரும் வட்டப் பழுப்பு பெரும்பாலும் பூஞ்சாணம். பங்குனி முதல் ஆடி வரை வரும் வடிவமில்லாத பழுப்பு பெரும்பாலும் தண்ணீர்க் குறைவு, உப்பு, பூச்சி இவற்றில் ஒன்று. மாதமும் வடிவமும் பாதி விடையைச் சொல்லிவிடும்.

உப்புத் தண்ணீர் உள்ளவர்கள் சாம்பல்சத்துக்கு மியூரேட் ஆஃப் பொட்டாஷ் போடாமல் சல்பேட் ஆஃப் பொட்டாஷ் வாங்குங்கள். முதல் வகையில் குளோரைடு இருக்கிறது, இருக்கிற உப்போடு அதுவும் சேரும்.

பாகூர் வீடு

எங்களுக்கு 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டியதே, அதில் தரை முழுக்க மூழ்கிவிட்டது. வடிந்த பிறகு புல் கறுத்துக் குழைந்து, கையில் எடுத்தால் வழுக்கியது, நாற்றம் வேறு. அதுவும் இதே நோயா?

பயிர்க்காவலர்

இல்லை. நாள் கணக்கில் தண்ணீர் நின்றால் வேருக்குக் காற்று கிடைக்காமலே செத்துப்போகும், அதன் மேல் பித்தியம் என்ற வேறொரு கிருமி ஏறும். எண்ணெய் தடவியது போல வழுவழுப்பாக, தாழ்வான இடத்திலோ தண்ணீர் ஓடிய தடத்திலோ வரும். பாகூர் பக்கம் களிமண். வடிகால் செய்யாமல் எந்த மருந்தும் அங்கே நிற்காது. கூரான கம்பியால் நாலு அங்குல ஆழத்துக்கு நெருக்கமாகத் துளை போட்டு, துளைக்குள் மணலைத் தள்ளுங்கள். தரைக்கு வாசல் பக்கமாக லேசான சரிவு கொடுங்கள்.

லாஸ்பேட்டை பசுமை

புழு விஷயமும் ஒன்று சொல்லிவிடுகிறேன், பலர் கேட்பார்கள். புல்லைப் பிடித்து இழுத்தால் வேரே இல்லாமல் பாயைச் சுருட்டுவது போலக் கையோடு வந்தால் அது வெண்புழு. வெள்ளை உடம்பு, பழுப்புத் தலை, வளைந்து படுத்திருக்கும். கோடை மழைக்கு அடுத்து வேம்பிலும் முருங்கையிலும் ராத்திரி மொய்க்கிற வண்டுகளின் குஞ்சுதான் அது. மெட்டாரைசியம் என்ற, புழுவைக் கொல்லும் பூஞ்சாணம் கலந்த எரு நன்றாகக் கேட்கிறது. இலையைத் தின்னும் புழுவா என்று சந்தேகம் இருந்தால் நாலு லிட்டர் தண்ணீரில் இரண்டு மேசைக்கரண்டி பாத்திரம் கழுவும் சோப்புத் திரவத்தைக் கலந்து ஒரு சதுர கஜத்தில் ஊற்றுங்கள். பத்து நிமிஷத்தில் மேலே ஏறி வந்துவிடும்.

மழைக்குப் பிறகு புல்லின் மேல் கரி பூசியது போலப் படிவது, குடைக் காளான் முளைப்பது, இதற்கெல்லாம் பயப்பட வேண்டாம். கரியை டியூப் தண்ணீரால் அடித்தாலே போய்விடும். காளான் வளையமாக வந்தால் கீழே பழைய வேரோ கட்டையோ புதைந்திருக்கும்.

செம்மண் மேடு (ஆரோவில் பக்கம்)

ரசாயனம் இல்லாமலே சமாளிக்கலாம் என்பது என் உறுதியான நம்பிக்கை. எங்கள் தரையில் எத்தனையோ மழைக்காலமாக டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சாணமும் சூடோமோனாஸ் என்ற நல்ல பாக்டீரியாவும் மட்டும்தான். ஒரு கிலோ டிரைக்கோடெர்மா விரிடியை 100 கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து, நிழலில் குவித்து, ஈரம் தெளித்துச் சாக்கு போட்டு மூடிவைப்போம். பத்துப் பதினைந்து நாளில் எரு முழுக்கப் பச்சை படரும். அதைச் சலித்து ஆவணி, புரட்டாசியில், அதாவது மழைக்கு முன்பே, தரை முழுக்க மெல்லியதாகத் தூவி வேப்பம் புண்ணாக்கும் சேர்ப்போம். மழை நாட்களில் சூடோமோனாஸ் லிட்டருக்குப் பத்து கிராம் கலந்து தெளிப்போம். மண்ணில் நல்ல உயிர் நிறைந்திருந்தால் கெட்டதற்கு இடம் கிடைக்காது. வயதான அம்மா வெறுங்காலோடு நடக்கும் இடத்தில் எதற்கு விஷம்?

பயிர்க்காவலர்

நீங்கள் சொன்ன முறையை நான் முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஆனால் கவனியுங்கள், நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: மழைக்கு முன்பே என்று. உயிர்ப்பூஞ்சாணம் முன்கூட்டியே இடம் பிடித்து உட்காருவதால்தான் வேலை செய்கிறது. கெடிலக்கரை நண்பருக்கு வட்டம் இரண்டு முழம் ஆகிவிட்டது, இன்னும் பரவுகிறது. இந்த நிலையில் ஒரு தடவை மருந்து தேவைப்படலாம்.

நெல்லில் இந்த நோய்க்குப் பயன்படுத்துகிற மருந்துகளே போதும். ஹெக்சகோனசோல் 5 சதவீதம் என்றால் லிட்டருக்கு 2 மி.லி., புரோபிகோனசோல் 25 சதவீதம் என்றால் 1 மி.லி., அசாக்ஸிஸ்ட்ரோபின் 23 சதவீதம் என்றால் 1 மி.லி. இதில் ஏதாவது ஒன்று. முதல் இரண்டும் ஒரே குடும்பம், அதனால் இன்னொரு முறை அடிக்க நேர்ந்தால் மூன்றாவதுக்கு மாறுங்கள். இல்லாவிட்டால் கிருமி பழகிக்கொள்ளும். வட்டத்துக்கு வெளியே ஓரடி வரை பச்சைப் பகுதியிலும் படவேண்டும், தண்டின் அடி நனையவேண்டும். செத்த இலை மறுபடி பச்சையாகாது. ஓரம் நகராமல் நின்றால் அதுதான் பலன்.

அம்மாவைப் பற்றிய கவலை நியாயமானது. டப்பாவில் சாய்சதுரக் கட்டத்தில் கீழ்ப்பாதியின் நிறத்தைப் பாருங்கள். சிவப்புதான் மிகக் கொடியது, அப்புறம் மஞ்சள், நீலம், பச்சை என்று குறையும். வீட்டுக்குச் சிவப்பும் மஞ்சளும் வேண்டவே வேண்டாம். கையுறை, முகக்கவசம் போட்டுக் காற்றில்லாத நேரத்தில் அடியுங்கள். குழந்தை, நாய், பெரியவர் யாரும் இரண்டு நாள் இறங்கக்கூடாது. அப்புறமும் கொஞ்ச நாளைக்கு அம்மா செருப்பு போட்டுக்கொண்டே நடக்கட்டும். மருந்து அடித்த கையோடு டிரைக்கோடெர்மா போட்டால் அதுவும் செத்துவிடும், இரண்டு மூன்று வாரம் விட்டுப் போடுங்கள்.

சந்தேகம் இருந்தால் மாதிரியை எடுத்துப்போய்க் காட்டுங்கள். புதுச்சேரிக்காரர்களுக்குக் குரும்பாப்பேட்டில் காமராசர் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, நமக்கு விருத்தாசலத்தில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது. பாதி பச்சை, பாதி பழுப்பு இருக்கும்படி ஓரத்தில் இருந்து மண்ணோடு ஒரு துண்டு வெட்டிச் செய்தித்தாளில் சுற்றி எடுத்துப் போங்கள். பிளாஸ்டிக் பையில் கட்டினால் வழியிலேயே வெந்து அழுகிவிடும்.

வீராணத்து உழவன்

ஒரு வார்த்தை. அந்த இடத்தில் மா, கொய்யா ஏதாவது நிழல் தருகிறதா தம்பி? வயலில் வரப்போரத்து மர நிழலில்தான் இந்த நோய் கடைசிவரை நிற்கும். காற்றும் வெயிலும் உள்ளே வரும்படி தாழ்ந்த கிளையைக் கழியுங்கள்.

கெடிலக்கரை

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. கொஞ்சம் தாமதமாக வருகிறேன், ஏனென்றால் பலன் தெரிந்த பிறகு எழுத நினைத்தேன்.

தண்ணீரைக் காலைக்கு மாற்றினேன். மழை இல்லாத வாரத்தில் ஓர் அங்குலம் என்று கணக்குப் போட்டால் 600 சதுர அடிக்குச் சுமார் 1,400 லிட்டர் வருகிறது. அதை இரண்டு தவணையாக ஆழமாக விடுகிறேன், தினமும் தெளிப்பதில்லை. உழவர் ஐயா கேட்டது சரியாக இருந்தது. பெரிய வட்டம் சப்போட்டா மரத்தடியில்தான், காலை வெயில் பத்து மணிக்கு மேல்தான் அங்கே விழும். கிளைகளைக் கழித்தோம். மெத்தை முக்கால் அங்குலம் இருந்தது, வாரி எடுத்தால் மூட்டை மூட்டையாக வந்தது. அசாக்ஸிஸ்ட்ரோபின் ஒரு தடவை அடித்தேன்.

ஓரத்தில் ஐஸ்கிரீம் குச்சிகளை நட்டு வைத்துப் பார்த்தேன். குச்சியைத் தாண்டி மஞ்சள் வளையம் போகவில்லை. விடியற்காலையில் வெள்ளை நூலும் இல்லை. ஆனால் நடுவில் மொட்டையாகத்தான் கிடக்கிறது. நர்சரியில் புதுப் புல் கார்ப்பெட் வாங்கி ஒட்டிவிடலாமா, இல்லை தானாக மூடுமா?

லாஸ்பேட்டை பசுமை

ரொம்ப சந்தோஷம் தம்பி. புதிதாக வாங்காதீர்கள். அது எந்த மண்ணில் வளர்ந்தது, எந்த நோயைச் சுமந்து வருகிறது என்று நமக்குத் தெரியாது. கேட் பக்கம் நன்றாக இருக்கும் உங்கள் புல்லில் இருந்தே உள்ளங்கை அளவுத் துண்டுகளை வேரோடு எடுத்து ஓரடிக்கு ஒன்றாகப் பதியுங்கள். எடுத்த குழி தானே மூடிக்கொள்ளும்.

பயிர்க்காவலர்

ஆமாம், அதுதான் சரி. ஆனால் இப்போதே வேண்டாம். பனி குறையட்டும், தை கடைசி அல்லது மாசியில் பதியுங்கள், வெயில் ஏற ஏறக் கொரியன் வேகமாக ஓடும். பதிப்பதற்கு முன் மொட்டை இடத்தில் மேல் மண்ணை இரண்டு அங்குலம் கொத்தி வெயிலில் காயவிட்டு, செம்மண் மேடு நண்பர் சொன்ன டிரைக்கோடெர்மா எருவைத் துண்டு பதிக்கும் குழிகளில் ஒரு கைப்பிடி வையுங்கள். துண்டு வேர் பிடிக்கும்வரை தினமும் காலையில் கொஞ்சமாகத் தண்ணீர், பிடித்த பிறகு மறுபடி ஆழமாக, இடைவெளி விட்டு. 600 கிராம் யூரியாவையும் ஒரே தடவையில் போடாமல் இரண்டாகப் பிரித்து, பங்குனிக்கு அப்புறம் போடுங்கள்.